கித்தார்ப் பாட்டு ஒன்றைக் கற்ற கதை



வரலாறு என்றால் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். நம் பள்ளிப் பாடநூல்களும் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகின்றன. ஆனால் ஒரு பயிர் ஊர்விட்டு ஊர் போனதற்கு வரலாறு உண்டு. ஒரு சமையல் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போனதற்கு வரலாறு உண்டு. அதுபோலவே, ஒரு பாட்டு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் வரலாறு உண்டு. இன்று நாம் காணப்போவது அத்தகைய சிறு வரலாறு ஒன்று.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1957, 1958 ஆம் ஆண்டுகளில் மூன்று பையன்கள் ஒரு கித்தார்ப் பாட்டைக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாட்டின் பெயர் 'தட்'ல் பி த டே'. அந்தப் பையன்கள் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன். பின்னாளில் இவர்கள் பீட்டில்ஸ் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றார்கள் என்பதை நேயர்கள் பலர் அறிவீர்கள். அந்தப் புகழைப் பற்றி நாம் பேசப்போவதில்லை. புகழ் வருவதற்கு முன்னர், விரல் வலிக்க வலிக்க ஒரு பாட்டைப் பிடித்த நாட்களைப் பற்றியே பேசப்போகிறோம்.

ஏன் இந்தக் கதை நமக்கு? நம் தோட்டங்களில் ஒரு பிள்ளை தனக்குக் கித்தார் வேண்டும் என்று கேட்டால் வீட்டில் மூன்று கேள்விகள் எழும். காசுக்கு எங்கே போவது? யார் சொல்லிக் கொடுப்பார்? கற்று என்ன ஆகப்போகிறது? நியாயமான கேள்விகள்தாம். லிவர்பூல் வீடுகளிலும் இதே மூன்று கேள்விகள் எழுந்தன. அவற்றுக்கு அங்கே என்ன விடை கிடைத்தது என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் அந்த ஊரைப் பற்றி இரண்டொரு சொல். லிவர்பூல், மெர்சி ஆற்றின் முகத்தில் அமைந்த பெரிய துறைமுகம். இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சால் மிகவும் அடிபட்ட நகரம். போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்தும் இடிந்த மனைகள் அப்படியே கிடந்தன. ஜார்ஜின் தந்தை பேருந்து ஓட்டுநர். பாலின் தந்தை பருத்தி வணிகத்தில் விற்பனையாளர். தாயார் மருத்துவச்சித் தாதி. ஜான் தம் பெரியம்மா வீட்டில் வளர்ந்தார். பாலும் ஜார்ஜும் சிறு வயதில் வாழ்ந்தது நகரின் ஓரத்தில் உள்ள ஸ்பீக் என்ற குடியிருப்பில். அந்த ஸ்பீக்கில் டன்லப் நிறுவனத்தின் டயர் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1979இல் அது மூடப்பட்டது. அதே டன்லப் நிறுவனத்துக்கு மலாயாவில் பெரிய ரப்பர் தோட்டங்கள் இருந்தன என்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். நம்மவர் பால் வெட்டிய காலத்தில், கடலுக்கு அப்பால் ரப்பரை டயராக்கும் ஆலை நின்ற ஊரில்தான் இந்தப் பையன்கள் ஓடி விளையாடினார்கள்.

இனி முதல் கேள்வி. காசுக்கு எங்கே போவது?

1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லோனி டோனகன் என்பவர் பாடிய 'ராக் ஐலண்ட் லைன்' என்ற இசைத்தட்டு இங்கிலாந்தில் வெகுவாக விற்றது. அது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வழங்கிய இரயில் பாதைப் பாட்டு. 1934இல் ஆர்க்கன்சா மாநிலத்தின் சிறைக் கைதிகள் பாடியதைத்தான் முதலில் ஒலிப்பதிவு செய்தார்கள். உழைப்பாளிகளிடமும் கைதிகளிடமும் வாழ்ந்த பாட்டு, கடல் கடந்து வந்து ஆங்கிலேயப் பையன்களைப் பிடித்துக்கொண்டது. டோனகனின் இந்த இசை முறைக்கு 'ஸ்கிஃபிள்' என்று பெயர்.

ஸ்கிஃபிளின் சிறப்பு என்னவென்றால், அதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. துணி துவைக்கும் நெளிப்பலகையை விரல் கவசத்தால் உரசினால் அது தாளம். ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதில் ஒரு துடைப்பக் கம்பை நிறுத்தி, கம்பின் நுனிக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கயிற்றைக் கட்டி இழுத்து மீட்டினால் அது கீழ்ச்சுரம் தரும் வாத்தியம். நேயர்களே, இந்தத் தேயிலைப் பெட்டியைச் சற்று எண்ணிப் பாருங்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கிலாந்துக்குத் தேயிலை ஏற்றிச் சென்ற ஒட்டுப்பலகைப் பெட்டி அது. இலங்கையின் மலைத் தோட்டங்களில் அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் நம் தமிழ்ப் பெண்கள். காலிப் பெட்டி கடைக்குப் பின்னால் கிடந்தது. அதைப் பையன்கள் வாத்தியமாக்கிக் கொண்டார்கள்.

ஆனால் கித்தாரைப் பெட்டியிலிருந்து செய்துகொள்ள முடியாது. வாங்கித்தான் ஆக வேண்டும். போருக்குப் பின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு இருந்ததால், அமெரிக்க இசைக் கருவிகளை இறக்குமதி செய்வதற்கு இங்கிலாந்தில் தடை இருந்தது. 1959இல்தான் அது நீங்கியது. ஆகவே பையன்களுக்குக் கிடைத்தவை ஐரோப்பாவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த மலிவுக் கித்தார்கள். ஜானின் முதல் கித்தார்களில் ஒன்று தென்னாப்பிரிக்காவில் செய்யப்பட்ட 'கேலோடோன்'. பலகை பிளக்காது என்ற உத்தரவாதத்தை அதன் உள்ளேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். அவ்வாறு எழுதி ஒட்ட வேண்டிய தரத்தில்தான் அது இருந்தது.

ஜார்ஜின் தாயார் லூயிஸ், பள்ளிப் பையன் ஒருவனிடமிருந்து பழைய கித்தார் ஒன்றை மூன்று பவுண்டு பத்து ஷில்லிங்குக்கு வாங்கிக் கொடுத்தார். ஜார்ஜ் ஆர்வக் கோளாறால் அதன் கழுத்தில் இருந்த திருகாணியைக் கழற்றிப் பார்த்தார். கழற்றியதைத் திரும்பப் பூட்டத் தெரியவில்லை. கித்தார் இரண்டாக அலமாரிக்குள் போய்விட்டது. பின்னர் அவருடைய அண்ணன் பீட்டர்தான் அதை எடுத்துச் சரிசெய்து கொடுத்தார். பாலுக்கோ தந்தை வாங்கித் தந்தது ஒரு டிரம்பெட். வாயில் டிரம்பெட்டை வைத்துக்கொண்டு பாட முடியாது என்று கண்ட அவர், தந்தையின் அனுமதியுடன் அதைக் கடையில் கொடுத்து மாற்றிக் கித்தார் வாங்கிக்கொண்டார். ஆக, முதல் கேள்விக்கு லிவர்பூல் தந்த விடை இதுதான்: பழையதை வாங்கினார்கள், உடைந்ததை ஒட்டினார்கள், உள்ளதைக் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். உயர்ந்த கருவி கைக்கு வரட்டும் என்று எவரும் காத்திருக்கவில்லை.

காலமும் அவர்களுக்குத் துணை நின்றது. அந்நாளில் இங்கிலாந்தில் இளைஞர்கள் கட்டாயமாகப் படையில் பணியாற்ற வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் முடிவுக்கு வந்தபோது, 1939 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்கு அழைப்பு வரவில்லை. ஜான் பிறந்தது 1940 அக்டோபரில், பால் 1942இல், ஜார்ஜ் 1943இல். பட்டாளத்தில் கழிந்திருக்க வேண்டிய ஆண்டுகள் அவர்களுக்குக் கித்தாரோடு கழிந்தன.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். யார் சொல்லிக் கொடுப்பார்?

இதற்கு விடை காணும் முன், கற்க வேண்டியது இன்னதென்று தெரிந்துகொள்வது நல்லது. கித்தாருக்கு ஆறு தந்திகள். கழுத்தின் மேல் குறுக்கே உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். வீணையில் மெட்டு என்கிறோமே, அதைப் போன்றவை. நம் இசையில் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மேலை இசையில் மூன்று நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கச் செய்வதும் உண்டு. இப்படிச் சேர்ந்து ஒலிப்பதற்குக் 'கார்ட்' என்று பெயர். சட்ஜம், காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றையும் ஆர்மோனியத்தில் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். அதுவே ஒரு கார்ட். கித்தாரில் இடக்கை விரல்கள் தந்திகளை உரிய இடங்களில் அழுத்த, வலக்கை எல்லாத் தந்திகளையும் சேர்த்து மீட்டும்.

நம் கதையில் வரும் பாட்டுக்கு அப்படிப்பட்ட நான்கு கார்ட்கள் போதும். ஏ என்ற சுரத்தைச் சட்ஜமாகக் கொண்டு வாசித்தால் முதலாவது அதே ஏ. இரண்டாவது மத்திமத்தின் மேல் நிற்கும் டி. மூன்றாவது பஞ்சமத்தின் மேல் நிற்கும் ஈ. நான்காவது ரிஷபத்தின் மேல் நிற்கும் பி செவன். முதல் மூன்றுக்கும் மூன்று விரல்கள் போதும். பி செவனுக்கு நான்கு விரல்களும் வேண்டும். அதிலும் இடையே ஒரு தந்தி விரல் படாமல் வெறுமனே ஒலிக்க வேண்டும். தடித்த தந்தி ஒலிக்கவே கூடாது. பழகாத கைக்கு இது பெரிய சோதனை.

இந்தச் சோதனைக்கு ஆசிரியர் யார்? ஜானின் முதல் ஆசிரியர் அவருடைய தாயார் ஜூலியா. வளர்த்தவர் பெரியம்மா மிமி என்றாலும், ஜான் பதின்பருவத்தில் தாயாரின் வீட்டுக்கு அடிக்கடி போய் வந்தார். ஜூலியாவுக்குப் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் தெரியும். அந்தப் பாஞ்சோ முறையையே அவர் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். 'தட்'ல் பி த டே' பாட்டின் கார்ட்களை மகன் பிடித்து முடிக்கும் வரையில் தாயார் சலிக்காமல் அருகில் அமர்ந்திருந்தார் என்று ஜான் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். ஆயினும் அது பாஞ்சோ வழி. கித்தாரின் ஆறு தந்திகளையும் முறைப்படி சுருதி சேர்க்க ஜானுக்கு அப்போது தெரியாது.

1957 ஜூலை 6 அன்று உல்டன் என்ற பகுதியில் புனித பீட்டர் தேவாலயத்தின் விழா நடந்தது. அங்கே ஜானின் 'குவாரிமென்' என்ற ஸ்கிஃபிள் குழு பாடியது. நண்பர் ஒருவர் பாலை அங்கே அழைத்து வந்தார். பதினைந்து வயதுப் பால், பதினாறு வயது ஜானுக்குக் கித்தாரைச் சுருதி சேர்த்துக் காட்டினார். எடி காக்ரனின் பாட்டு ஒன்றை ஒரு சொல்லும் விடாமல் பாடியும் காட்டினார். சில நாட்களில் பாலைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். இப்படி ஜானுக்கு இரண்டாவது ஆசிரியர் வந்தார். அவரும் ஒரு மாணவரே.

இங்கே ஒரு வேடிக்கை. பால் இடக்கைப் பழக்கமுள்ளவர். தந்திகளை எதிர்வரிசையில் மாற்றிக் கட்டி, கித்தாரை மறுபக்கமாகப் பிடித்து வாசித்தார். அவரைப் பார்த்துக் கற்ற ஜானுக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தன. ஆகவே ஜான் வீட்டுக்குப் போய், நிலைக்கண்ணாடியின் முன் நின்று, பார்த்ததைத் திருப்பிப் பழகிக்கொண்டார்.

பி செவன் கார்டுக்கும் ஒரு கதை உண்டு. இவர்களுக்கு ஈ தெரியும்; ஏ தெரியும். பி செவன் தெரியவில்லை. நகரத்தின் மறுகோடியில் ஒருவருக்கு அது தெரியும் என்று கேள்விப்பட்டார்கள். உடனே பேருந்து ஏறிப் போனார்கள். அவர் விரல் வைத்துக் காட்டியதைப் பார்த்துக்கொண்டு திரும்பினார்கள். இதைப் பால் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு கார்டுக்காக ஊரைக் கடந்த பயணம்! பாடம் எவ்வளவு சிறியது என்பதை அவர்கள் பார்க்கவில்லை. அது இல்லாமல் பாட்டு முடியாது என்பதைத்தான் பார்த்தார்கள்.

ஜார்ஜ் குழுவுக்கு வந்ததிலும் பேருந்துக்குப் பங்குண்டு. பாலும் ஜார்ஜும் ஒரே பள்ளி. ஒரே பேருந்தில் போய்வந்த பழக்கம். 1958இன் தொடக்கத்தில், பேருந்தின் மேல்தளத்தில், 'ராஞ்சி' என்ற கித்தார் மெட்டைப் பிசகாமல் வாசித்துக் காட்டி ஜானின் மனத்தைக் கவர்ந்தார் ஜார்ஜ். அந்தத் திறமைக்குப் பின்னால் ஒரு தாய் இருந்தார். மகன் இரவு நெடுநேரம் பழகியபோது லூயிஸ் அம்மையார் உடன் விழித்திருந்து ஊக்கமூட்டினார். இரும்புத் தந்தி விரல் நுனியைக் கீறும். தோல் தடித்துக் காய்ப்பு ஏறிய பிறகுதான் வலி நிற்கும். பால் வெட்டும் கத்தியைப் பிடித்துக் காய்ப்பேறிய கைகளுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நூலும் உதவியது. 1957இல் பெர்ட் வீடன் என்ற கித்தார்க் கலைஞர் 'ஒரே நாளில் வாசிக்கலாம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறு கையேட்டை வெளியிட்டார். ஒரே நாளில் யாரும் வாசித்துவிட முடியாது. ஆனால் விரல்களை எங்கே வைப்பது என்பதைப் படம் போட்டுக் காட்டியது அந்நூல். டி, ஏ என்ற கார்ட்களைப் பாலும் ஜார்ஜும் அதைப் பார்த்துச் சேர்ந்து கற்றார்கள்.

வானொலியும் ஓர் ஆசிரியராக இருந்தது. பிபிசி இத்தகைய பாட்டுகளை அதிகம் ஒலிபரப்பாத காலம் அது. இரவு வேளையில் லக்சம்பர்க் வானொலியைத் திருப்பினால் அமெரிக்கப் பாட்டுகள் கேட்கும். நடுநடுவே அலை தேய்ந்து மறைந்தும் போகும். விட்ட இடத்தை இசைத்தட்டில் பிடிக்க வேண்டும். ஊசியைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்து, பத்து முறை, இருபது முறை கேட்டு, விரலால் தேடிப் பிடிக்க வேண்டும். இவ்வளவுக்கும், அந்த மூவரில் ஒருவருக்கும் மேலை இசைக் குறியீட்டைப் படிக்கத் தெரியாது.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் லப்பாக் என்ற ஊரைச் சேர்ந்த பட்டி ஹாலி, தம் 'கிரிக்கெட்ஸ்' குழுவோடு 1957 பிப்ரவரியில் நியூ மெக்சிகோவின் குளோவிஸ் என்ற சிற்றூரில் அதைப் பதிவு செய்தார். ஒரு திரைப்படத்தில் ஜான் வேய்ன் அடிக்கடி சொல்லும் ஒரு பேச்சு வழக்கைத்தான் பாட்டின் பெயராக வைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அது இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. ஹாலி மூக்குக்கண்ணாடி அணிந்த மெலிந்த இளைஞர். தாமே எழுதி, தாமே பாடி, தாமே கித்தாரும் வாசித்தார். கிட்டப்பார்வையால் கண்ணாடி அணிய வேண்டியிருந்த ஜானுக்கு அவரைக் கண்டதில் ஒரு துணிவு பிறந்தது. ஹாலி 1958 மார்ச்சில் லிவர்பூலுக்கே வந்து பாடினார். 1959 பிப்ரவரி 3 அன்று விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 22.

இனி, கற்ற பாட்டு என்னவாயிற்று என்பதைப் பார்ப்போம். லிவர்பூலின் கென்சிங்டன் சாலையில் பெர்சி பிலிப்ஸ் என்பவர் தம் வீட்டிலேயே ஒரு சிறு ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தார். 1958 ஜூலையில் குவாரிமென் குழுவினர் ஐவர் அங்கே போனார்கள். மூன்று கித்தார்க்காரர்களுடன் பியானோ வாசிக்க ஜான் லோ, முரசு கொட்டக் காலின் ஹான்டன். கட்டணம் பதினேழு ஷில்லிங் ஆறு பென்ஸ். ஒரு பவுண்டுக்கும் குறைவு. அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு தட்டு.

அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் 'தட்'ல் பி த டே'. ஜான் பாடினார். தாயார் அருகில் அமர்ந்து சொல்லித் தந்த பாட்டு அது. மறுபக்கத்தில் என்ன பாட்டு தெரியுமா? வேறு யாருடைய பாட்டும் அன்று. பாலும் ஜார்ஜும் தாமே இயற்றிய ஒன்று. இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் கற்றது. மறுபக்கம் கற்றதைக்கொண்டு படைத்தது. பிறருடைய பாட்டைப் பிசகாமல் வாசிக்க முயன்ற அந்த மாதங்களே, தமக்கென ஒரு பாட்டை உண்டாக்கும் ஆற்றலையும் தந்தன. பார்த்து எழுதிப் பழகிய பிள்ளை ஒருநாள் சொந்தமாக ஒரு கடிதம் எழுதுகிறதே, அதைப் போல.

தட்டு ஒன்றுதான் என்பதால் ஆளுக்கொரு வாரம் என்று வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். கடைசியாக ஜான் லோவின் வீட்டில் தங்கிவிட்ட அந்தத் தட்டை 1981இல் பால் விலைகொடுத்து வாங்கிக்கொண்டார். 1995இல் வெளிவந்த பீட்டில்ஸ் தொகுப்பு ஒன்றில் அதை உலகம் கேட்டது. பாட்டைச் சொல்லித் தந்த ஜூலியாவோ, 1958 ஜூலை 15 அன்று, அக்காள் மிமியின் வீட்டிலிருந்து கிளம்பிச் சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்துபோனார். ஜானுக்கு அப்போது வயது பதினேழு. பால் தம் தாயாரை 1956லேயே நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். தாயை இழந்த இரண்டு பையன்கள் கித்தாரைக் கட்டிக்கொண்டு கிடந்ததை வெறும் பொழுதுபோக்கு என்று நம்மால் ஒதுக்கிவிட முடியவில்லை.

இப்போது மூன்றாம் கேள்வி. கற்று என்ன ஆகப்போகிறது?

பெரியம்மா மிமி இதைத்தான் கேட்டார். கித்தார் நல்லதுதான், ஆனால் அதைக்கொண்டு பிழைக்க முடியாது என்பது அவருடைய கருத்து. அவர் சொன்னது தவறு என்று பலரும் நகைப்பார்கள். நாம் அப்படி நகைக்கவில்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் தெருவுக்குத் தெரு ஸ்கிஃபிள் குழுக்கள் இருந்தன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு ஆலைக்கும் அலுவலகத்துக்கும் வேலைக்குப் போனார்கள். அந்தத் தட்டில் முரசு கொட்டிய ஹான்டனே நாற்காலி மெத்தை தைக்கும் தொழில் கற்றவர். பிற்பாடு அந்தத் தொழிலில்தான் வாழ்ந்தார். ஆகவே, கித்தார் கற்றால் புகழும் பணமும் வரும் என்று எந்தப் பிள்ளைக்கும் நாம் வாக்குக் கொடுக்க முடியாது.

ஆனால் வேறொன்றைச் சொல்ல முடியும். ஆசிரியர் இல்லாத இடத்திலும் கற்க வழி உண்டு என்பதை அந்தப் பிள்ளைகள் கற்றார்கள். தெரிந்தவரைத் தேடிப் போவது, தெரிந்ததை மறைக்காமல் மற்றவருக்குக் காட்டுவது, வராததை நூறு முறை செய்து வரச்செய்வது ஆகியவற்றைக் கற்றார்கள். இவை கித்தாரோடு முடிந்துவிடுவன அல்ல. பெருக்கல் வாய்ப்பாட்டுக்கும் இவைதாம் வேண்டும். மோட்டார் பழுது பார்ப்பதற்கும் இவைதாம் வேண்டும்.

இந்த அலை நம் நாட்டுக் கரைக்கும் வந்தது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். அதன்பின் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இளைஞர் கித்தார்க் குழுக்கள் பெருகின. மலாயில் இவற்றைக் 'குகிரான்' என்றார்கள். துள்ளல் இசைக் கித்தார்க் குழு என்னும் தொடரின் சுருக்கம் அது. சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய 'குவெஸ்ட்ஸ்' குழுவின் 'ஷாண்டி' என்ற இசைத்தட்டு, சிங்கப்பூர் விற்பனைப் பட்டியலில் பீட்டில்ஸையே இறக்கி முதலிடம் பிடித்தது. நம் இனத்தவர் பெயரும் இவ்வரலாற்றில் உண்டு. பினாங்கைச் சேர்ந்த லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' குழு, மலாய்ப் பாட்டுகளால் நாடெங்கும் பெயர் பெற்றது. லோகநாதன் 2007இல் காலமானார்.

இன்னும் அருகில் வந்து பார்ப்போம். நம் தோட்டத்துக் கோயில்களில் உறுமி மேளம் கொட்டும் இளைஞர்களுக்கு யார் பள்ளிக்கூடம் வைத்தார்கள்? மூத்தவர் கொட்ட இளையவர் பார்த்தார். பார்த்தவர் பெட்டியின் மேல் தட்டிப் பழகினார். கை வந்ததும் மேளத்தில் கை வைத்தார். பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவரும் பெரும்பாலும் கேட்டுக் கற்றவரே. லிவர்பூல் பையன்கள் போன வழியும் நம்மவர் வழியும் ஒன்றுதான். இன்று ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்து வீடுகளை விட்டுக் குடும்பங்கள் பல நகரோரங்களுக்கு வந்துவிட்டன. ஆயினும் கேட்டுக் கற்கும் இந்த வழக்கம் நம்மோடு கூடவே வந்திருக்கிறது. அதைக் குறைந்த கல்வி என்று நாமே தாழ்த்திக்கொள்ள வேண்டாம்.

தாய்மார்களே, தந்தையரே! உங்கள் பிள்ளை கித்தார் கேட்டால், வீட்டுக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அரிசிக்கும் பள்ளிக்கும் போக மிச்சமிருந்தால் பழைய கித்தார் ஒன்று போதும். நாள்தோறும் வீட்டுப்பாடம் முடிந்தபின் அரைமணி நேரம் என்று வரையறை செய்யுங்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கித்தாரில் பழகினால் இன்னும் நல்லது. ஒருவர் பிடித்ததை மற்றவர் பிடிப்பார். முடிந்தால் சற்று நேரம் அருகில் அமர்ந்து கேளுங்கள். உங்களுக்கு இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. லூயிஸ் அம்மையார் செய்தது அவ்வளவுதான்.

மாணவச் செல்வங்களே! முதலில் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கார்ட்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு விரல் தடுமாறாமல் போகும் வரையில் மெதுவாகப் பழகுங்கள். வேகம் பிறகு தானே வரும். உங்களுக்கு வராத பி செவன் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். அவரைத் தேடிப் போய்க் கேளுங்கள். கற்றதை அடுத்தவருக்குக் காட்டுங்கள். அந்தப் பாட்டு முழுதாகக் கைவந்த பிறகு, தட்டின் மறுபக்கம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.